ஏரியும் சேரியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஏரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் வியப்படையலாம். படிப்பைப் பற்றியும் தேர்ச்சியைப் பற்றியும் பேச இங்கே என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்று அரசும், அயல்நாட்டு அறநிறுவனங்களும், பெருந்தொழில் நிறுவனங்களும் இக்காலத்தில் ஏராளமான பணத்தைச் செலவிடுகின்றன. அப்பணம் யார் கையில் சேருகிறது, யாருடைய பெயரால் வருகிறது, யாரைத் தொடாமல் போகிறது என்பதே என் பொருள். நம் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் என்றால் முதலில் நிற்பது ஏரி. ஆகவே ஏரியில் தொடங்குகிறேன்.

கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

நம் வட்டத்தின் தலைநகராகிய உத்திரமேரூரின் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுபவை. உலகமே புகழும் ஊராட்சி முறை என்று நம் பாடநூல்களில் படிக்கிறோம். முப்பது குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைத்தார்கள். ஏரி வாரியத்தில் அறுவர் இருந்தனர். கணக்குக் காட்டாதவன் மறுபடியும் உறுப்பினனாக முடியாது. இவையெல்லாம் பெருமைக்கு உரியனவே, மறுப்பாரில்லை.

ஆனால் குடத்தில் யாருடைய ஓலை விழுந்தது என்பதையும் அதே சுவர் கூறுகிறது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். வேதமும் விளக்கவுரையும் கற்றவனுக்கு நில அளவில் சலுகை உண்டு. அரைக்கால் வேலி போதும். நிலமற்றவனுக்கோ, சேரியில் வாழ்பவனுக்கோ, பெண்ணுக்கோ ஓலை இல்லை. ஏரியை ஆண்ட வாரியத்தில் ஏரிமண்ணைச் சுமந்தவனுக்கு இடமில்லை என்பதே இதன் பொருள்.

கொடையும் அன்றே இருந்தது. ஏரிப்பட்டி என்று நிலத்தை ஒதுக்கி, அதன் வருவாயை ஏரியின் பராமரிப்புக்கு வைத்தார்கள். சபையிடம் பொன்னைக் கொடுத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்கச் செய்தார்கள். இக்காலத்தார் சுற்றுச்சூழல் அறக்கொடை என்று எதைச் சொல்கிறார்களோ, அது நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. கொடுத்தவன் பெயரும் வாங்கிய சபையின் பெயரும் கல்லில் நின்றன. கூடையெடுத்தவன் பெயர் எந்தக் கல்லில் நிற்கிறது?

சுமந்தவர் யார்?

ஏரி நிரம்பிய இரவுகளில் கரையில் படுத்துக் காவல் காத்தவர் யார்? மதகில் இறங்கி மூச்சடக்கி அடைப்பைத் திறந்தவர் யார்? கம்புக்கட்டி என்றும், நீர்க்கட்டி என்றும், தோட்டி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், தமிழகத்தின் மிகப் பல ஊர்களில் அவ்வேலையைச் செய்தவர்கள் நம் மக்களே. என் பாட்டனார் அவ்வேலையைச் செய்தவர். அடைமழைக் காலத்தில் அவர் வீட்டில் உறங்கியதில்லை என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கரை உடையாமல் காத்ததற்கு அறுவடைக் களத்தில் அவருக்குச் சில மரக்கால் நெல் கிடைத்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று ஊரார் கூடிப் பேசும்போது அவர் கரைக்குக் கீழே நின்று கேட்டுக்கொள்வார். மேலே ஏறிப் பேசும் உரிமை அவருக்கு இல்லை.

வெள்ளையர் ஆட்சி இந்த வழக்கத்தை மாற்றவில்லை, சட்டமாக்கியது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேருங்கால், உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த உடல்வலிவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்க ஊர்த் தலைவர்களுக்கு அதிகாரம் தந்தது. ஊரைக் காப்பது எல்லோருக்கும் கடமை என்றால் எல்லோரையும் அன்றோ அழைத்திருக்க வேண்டும்? சட்டம் உழைப்பாளி வகுப்பை மட்டுமே பெயர் சொல்லி அழைத்தது.

அந்த உழைப்பாளிக்கு நிலம் ஏன் இல்லை என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசு உரிமை என்ற பெயரால் ஊரின் தரிசு நிலத்திற்கும் மிராசுதாரரே முன்னுரிமை கோரினர் என்பதையும், குடியிருக்கும் மனைகூட நம்மவருக்குச் சொந்தமில்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற கிறித்தவத் தொண்டர்களும் இதற்காகக் குரல் கொடுத்தனர். அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டதற்காக, 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் காரணை நிலப் போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். அவர்களை இவ்விழா மேடையில் நினைவுகூர்வது நம் கடமை.

நிலத்தைப் பற்றி நீளப் பேசியதற்குக் காரணம் உண்டு. ஏரிக்கு வரும் பணம் எல்லாம் நிலத்தின் வழியாகவே பங்கிடப்படுகிறது. நிலமில்லாதவன் வாசலுக்கு அது வருவதில்லை.

பணம் வந்த வழி

சென்ற நாற்பது ஆண்டுகளில் நம் ஏரிகளுக்கு வந்த பணத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1981-இல் சுவீடன் நாட்டின் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. ஏரியின் நீர்பிடிப்பில் கருவேல மரங்கள் நடப்பட்டன. மரம் வெட்டிய வருவாயில் ஊராட்சிக்கும் பங்கு வந்தது. ஆனால் கோடையில் அந்த ஏரிப்புறத்தை மேய்ச்சல் நிலமாக நம்பியிருந்தவர் ஓர் ஆடும் இரண்டு ஆடும் வைத்திருந்த ஏழைகள் அல்லரோ? கன்று நட்ட இடத்தில் ஆடு மேயலாகாது. மரத்திற்குப் பங்கு எழுதினார்கள், ஆட்டுக்கு எழுதவில்லை. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நிதியுதவியில் ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் வந்தது. பின்னர் உலக வங்கியின் கடனும் வந்தது.

இவற்றையெல்லாம் ஊரில் நடத்துவோர் யார் என்ற கேள்விக்கு 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் விடை தந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று ஒன்றை அமைத்தது. பெயர் நன்று. உறுப்பினர் யாரெனின், அந்தப் பாசனப் பரப்பில் நிலம் உடையவர்கள். ஏரியில் துணி வெளுப்பவளும், மாட்டைக் குளிப்பாட்டுபவனும், மீன் பிடிப்பவனும், அந்த வயலில் நாற்று நடுபவளும் நீரைப் பயன்படுத்துவோர் அல்லர் போலும்! 919-ஆம் ஆண்டுக்கும் 2000-ஆம் ஆண்டுக்கும் இடையே ஆயிரத்து எண்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. வேதம் போயிற்று, கால்வேலி போகவில்லை.

2017 மார்ச்சு மாதத்தில் நம் பக்கத்து மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடியும் தொடங்கிற்று. முதற்கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பணத்தில் பத்திலொரு பங்கை ஆயக்கட்டுதாரர் தர வேண்டும். அவர்களே பணியையும் நடத்த வேண்டும். அதே ஆண்டில் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளவும் இசைவு தரப்பட்டது. எப்படி? நன்செய் நிலத்திற்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர். புன்செய்க்கு 90 கன மீட்டர். மட்பாண்டம் செய்வோருக்கு 60 கன மீட்டர். வீட்டுத் தேவைக்கு 30 கன மீட்டர். பத்து ஏக்கர் உள்ளவன் வீட்டுக்கு எத்தனை வண்டி, குடிசை மட்டும் உள்ளவன் வீட்டுக்கு எத்தனை வண்டி என்பதை நம் மாணவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

இவை தீய திட்டங்கள் என்று நான் கூறவில்லை. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் காலனியின் கைப்பம்பிலும் தண்ணீர் வரும். இரண்டு போகம் நடந்தால் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் தேவைப்படும். தூர் எடுப்பதை எதிர்ப்பவன் நம்மில் ஒருவனும் இல்லை. ஊர் முழுவதன் பெயரால் வரும் கொடை ஊரின் ஒரு பாதிக்கே எழுதி வைக்கப்படலாமா என்பதே நம் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப்பெயரும் கொடையாளர் பெயரும் வேண்டா. ஒரு நிறுவனத்தின் பணத்தில் ஏரி தூர் எடுக்கப்பட்டது. நல்ல வண்டல் பட்டா நிலங்களுக்குப் போயிற்று. எவருக்கும் வேண்டாத களிமண்ணைக் கரையோரம் ஒரு பாதையில் கொட்டினார்கள். அது காலனியின் சுடுகாட்டுப் பாதை. அந்த ஆண்டு மழையில் ஒரு மூதாட்டியின் உடலை முழங்கால் அளவு சேற்றில் சுமந்து சென்றோம். திறப்பு விழாவில் நட்ட பலகையில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள், எத்தனை ஏக்கர் பயன்பெற்றது என்பவை எழுதப்பட்டிருந்தன. அந்தப் பாதை எந்தக் கணக்கிலும் இல்லை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் கேட்டு அறிந்த கூட்டத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை, அவ்வளவே.

புதிய கொடையும் புதிய தகுதியும்

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சுற்றுச்சூழல் காப்பும், பின்தங்கியோரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தலும் அப்பணிகளின் பட்டியலில் தனித்தனி இனங்களாக உள்ளன. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அமைந்த இப்பகுதிக்கு இது எத்துணைப் பெரிய வாய்ப்பு!

ஆனால் இரண்டும் தனித்தனி இனங்களாக இருப்பதிலேயே இடர்ப்பாடும் உள்ளது. ஏரிக்குக் கொடுப்பவர் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதிவிடுகிறார். சேரியை அவர் நினைக்க வேண்டியதில்லை. சேரிக்குக் கொடுப்பவர் புத்தகப் பையும் தையல் பொறியும் கொடுத்துவிடுகிறார். ஏரியில் சேரிக்கும் உரிமையுண்டு என்பதை அவர் நினைக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஆண்டுதோறும் தரும் அறிக்கையில் திட்டத்தின் பெயர், இடம், தொகை ஆகியவற்றுக்கு இடம் உண்டு. பயன் எந்தச் சாதியாரைச் சென்றடைந்தது என்பதற்கு இடம் இல்லை.

பணத்தை வாங்கும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. 2021 ஏப்ரல் முதல் அரசிடம் தனிப்பதிவு பெற்ற அமைப்புகளே இப்பணத்தில் பணி செய்யலாம். வருமானவரிச் சட்டத்தின் சான்றுகள் வேண்டும். மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அயல்நாட்டுக் கொடையிலோ 2020-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஒருவர் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதைத் தடுத்துவிட்டது. நகரத்துப் பெரிய அமைப்பிடமிருந்து சிற்றூர்ச் சங்கங்களுக்குக் கசிந்து வந்த கொஞ்சமும் அதனால் நின்றது. நேர்மைக்காக விதி வகுப்பது தவறன்று. ஆயினும் தணிக்கையாளருக்குக் கூலி கொடுக்கவும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும் வசதியுள்ளவருக்கே கொடை என்றால், அதுவும் ஒரு கால்வேலி அன்றோ?

அமெரிக்கக் கறுப்பர் கற்ற பாடம்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் என்னும் வட்டாரத்தில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைக்க 1982-இல் அரசு முனைந்தது. மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். 1987-இல் ஒரு கிறித்தவ சபை நாடு முழுவதும் ஆராய்ந்து, நச்சுக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதை வறுமையைக் காட்டிலும் நிறமே முடிவு செய்கிறது என்று நிறுவியது. 1991-இல் நிற மக்களின் தலைவர்கள் வாசிங்டனில் மாநாடு கூடிப் பதினேழு நெறிகளை வகுத்தனர்.

அவர்கள் அடுத்துக் கேட்ட கேள்வியே நம் கேள்வியும். இயற்கையைக் காக்க வரும் கொடை யாருக்குப் போகிறது? எண்ணிப் பார்த்தார்கள். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சுற்றுச்சூழல் அமைப்புகளில் நூற்றுக்கு இரண்டே ஆன மிகப் பெரிய அமைப்புகள் கொடைப்பணத்தில் பாதிக்கு மேல் பெற்றன. 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பெருங்கொடை நிறுவனங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, அந்நாட்டின் இரு பகுதிகளில் அவை 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கொடுத்ததைக் கணக்கிட்டது. 134 கோடி டாலரில், பாதிக்கப்பட்ட மக்களே நடத்தும் சுற்றுச்சூழல் நீதி அமைப்புகளுக்குச் சென்றது நூற்றுக்கு 1.3 பங்கு மட்டுமே. இந்தக் கணக்குகள் வெளியான பின்னரே, தட்பவெப்பக் காப்புக்குத் தரும் பணத்தில் நூற்றுக்கு முப்பது பங்கை நிற மக்கள் தலைமை தாங்கும் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று கொடையாளர் உறுதி ஏற்க வேண்டும் என்னும் இயக்கம் 2021-இல் எழுந்தது. இரக்கத்தால் வந்த மாற்றம் அன்று இது. எண்ணிக்கை அவர்களை வெட்கப்பட வைத்தது.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு இருபதின்மர் நம் மக்கள். ஏரிக்கும் காட்டுக்கும் வந்த கொடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு நம்மைச் சேர்ந்தது? எவரும் எண்ணவில்லை. எண்ணும் வேலையை இனி நாம்தாம் தொடங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நீர்நிலை உரிமை நமக்குப் புதிய கோரிக்கையன்று. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் உறுப்பினராக இருந்த சென்னைச் சட்டமன்றம் 1924-லேயே பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்று தீர்மானித்தது. அவர்கள் தண்ணீரை அள்ளும் உரிமையை வென்று தந்தார்கள். அதை ஆளும் உரிமையை வென்று தருவது நம் தலைமுறையின் கடன்.

அதற்கு நான்கு பணிகளை இந்தச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் ஊர்களின் 'அ' பதிவேட்டைப் பார்த்து, பஞ்சமி நிலம், ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாடு, பாதை ஆகியவற்றைப் புல எண்ணோடு ஒரு சுவடியில் எழுத வேண்டும். விடுமுறையில் நம் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். பட்டியல் கையில் இல்லாதவன் பேச்சுக் காற்றோடு போகும்.

இரண்டாவது, கிராமசபைக் கூட்டங்களுக்கு நம் தாய்மார்கள் தவறாமல் போக வேண்டும். ஏரிக்கு எந்தப் பணம் வந்தாலும் மதிப்பீடு எழுதுவதற்கு முன்னரே அதைக் கிராமசபையில் வைக்கச் சொல்ல வேண்டும். காலனியின் பாதையும், குடிநீர்க் கிணறும், சுடுகாடும் அந்த மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, பணியை நடத்தும் குழுவில் நிலமற்ற கூலியாளர்க்கும், ஆடு மேய்ப்போர்க்கும், பெண்களுக்கும் இடம் கேட்க வேண்டும். மீன் குத்தகையிலும் மர வருவாயிலும் அவர்களுக்குப் பங்கு கேட்க வேண்டும். இதைக் கொடை தருபவரிடம் நேரில் கேட்கலாம். மறுக்க அவருக்கு எந்தச் சட்டமும் தடையில்லை, கொடுக்கவும் தடையில்லை. கேட்காததனால் கிடைக்காதவை நம் வாழ்வில் பல.

நான்காவது, இது சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு. இருபத்தைந்து ஆண்டுகளாகக் காசு காசாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சங்கம் இது. வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி, தணிக்கை செய்து, வேண்டிய சான்றுகளைப் பெற்று, கொடையை நேரடியாக வாங்கும் தகுதியை அடைய வேண்டும். இப்பிள்ளைகளில் சிலராவது பொறியியலும் கணக்கியலும் சட்டமும் கற்று, ஏரியின் மதிப்பீட்டைத் தாமே எழுதுவோராகவும் பிறர் எழுதியதைச் சரிபார்ப்போராகவும் வர வேண்டும். கல்விச் சங்கத்து மேடையில் ஏரியைப் பற்றிப் பேசியதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். என் பாட்டனாருக்கு எந்த மதகில் எவ்வளவு நீர் போகும் என்பது கண்ணாலேயே தெரியும். அதை எழுத அவருக்குத் தெரியாது. எழுதியவன் கரைமேல் நின்றான். அவர் கீழே நின்றார்.

உறவினர்களே! அடுத்த முறை இவ்வட்டாரத்தின் ஏரி ஒன்றுக்குப் பணம் வரும்போது, ஊர்க் கூட்டம் கரைமேல் கூடும். அன்று நம் பிள்ளை ஒருவன் கையில் புல எண் பட்டியலோடும், நம் பெண் ஒருத்தி கையில் மதிப்பீட்டுத் தாளோடும் கரையேறி அமர வேண்டும். எவரையும் கீழே இறக்குவதற்காக அன்று. ஏரி அனைவருக்கும் உரியது என்பதைக் கணக்கோடு நிலைநாட்டுவதற்காக. பொன்விழா மலரில் இன்னொருவர் இதே பொருளைப் பற்றிப் பேசுவாராயின், அவர் நாம் கேட்டதைப் பற்றியன்றிப் பெற்றதைப் பற்றிப் பேசுவாராக!